அல்கார்வ் கரையில் ஒரு குளிர்காலம்: படகை எந்தத் துறையில் கட்டுவது?

போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வ், மேற்கே சாவ் விசெந்தே முனையில் தொடங்கி, கிழக்கே ஸ்பெயின் எல்லையாக ஓடும் குவாதியானா ஆற்றின் கழிமுகத்தில் முடிகிறது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கரையை, பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு கடல்வழியே ஊர் ஊராகச் செல்பவர்கள் பல காலமாகக் குளிர்கால ஒதுங்கிடமாகக் கொண்டிருக்கிறார்கள். பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்காண்டினேவிய நாடுகள் ஆகியவற்றிலிருந்து கோடையில் பிஸ்கே விரிகுடாவைக் கடந்து இறங்கும் படகுகளில் ஒரு பகுதி கானரித் தீவுகள் வழியே அட்லாண்டிக்கைக் கடக்கப் போய்விடும். இன்னொரு பகுதி ஜிப்ரால்டர் வழியே மத்தியதரைக் கடலுக்குள் நுழையும். மிச்சமுள்ளவை அக்டோபரில் இங்கே கயிறு கட்டினால் ஏப்ரல் வரை அவிழ்ப்பதில்லை. அந்த மூன்றாம் வகையினருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஆகவே, 11 மீட்டர் நீளமும் நீருக்குள் 1.9 மீட்டர் அமிழும் கீலும் (படகைச் சாயாமல் நிறுத்தும் அடித்தகடு) உள்ள ஒரு பாய்மரப் படகையும், அதில் ஆறு மாதம் தங்கி வாழ எண்ணும் இருவரையும் மனத்தில் வைத்துக்கொள்வோம். மரினா என்று போர்ச்சுகீசியர் அழைக்கும் உல்லாசப் படகுத்துறைகள், படகு நிறுத்தும் இடங்களின் எண்ணிக்கை, தூய்மைக்காகத் தரப்படும் நீலக்கொடிச் சான்று, உணவகங்கள், கோல்ஃப் திடல்கள் ஆகியவற்றைத் தங்கள் விளம்பர ஏடுகளில் முன்னிறுத்துகின்றன. ஜூலை மாதத்தில் இரண்டு இரவுகள் தங்கிச் செல்பவருக்கு அந்தத் தகவல் போதும். ஆறு மாதம் தங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு என்பது என் உறுதியான கருத்து. தென்மேற்கிலிருந்து காற்று ஓங்கி வீசும் நாளில் அந்தத் துறையின் வாயில் நுழையத்தக்கதாக இருக்குமா? ஜனவரி மாதத்து மழைநாள் ஒன்றில் ரொட்டிக்கும் மருந்துக்கும் பழுதுபார்ப்பவருக்கும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதைக் கடலமைப்பே சொல்லும். கோடையில் போர்ச்சுகலின் மேற்குக் கரையில் பிற்பகல்தோறும் ஓங்கும் கடும் வாடைக்காற்றை அங்குள்ளோர் நோர்த்தாதா என்பர். சாவ் விசெந்தே முனையைச் சுற்றித் திரும்பியதும் நிலத்தின் மறைவு கிடைத்துவிடுவதால், அதுவரை நனைந்து நடுங்கி வந்தவர்கள் அல்கார்வில் வேறொரு கடலைக் காண்கிறார்கள். குளிர்காலத்தில் நிலைமை மாறும். அட்லாண்டிக்கின் தாழ்வழுத்த மண்டலங்கள் தென்மேற்குப் புயற்காற்றையும், அதனோடு ஆழ்கடலில் எழும் பெருந்திரைகளையும் நேரே இந்தக் கரைமீது தள்ளும். இடையிடையே ஜிப்ரால்டர் நீரிணைப் பக்கமிருந்து லெவாந்தே என்னும் கீழைக்காற்று நாட்கணக்கில் வீசி, குறுகிய, செங்குத்தான அலைகளை எழுப்பும். இந்தக் கரையின் துறைகள் பெரும்பாலும் தெற்கையோ தென்கிழக்கையோ பார்த்து வாய் திறந்தவை. எந்தக் காற்றுக்கு அஞ்சி ஒருவர் உள்ளே ஓடிவர விரும்புவாரோ, அதே காற்றுதான் வாயிலையும் அடைக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 3 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குவதால், வற்றும் நீர் வெளியே பாயும் வேளையில் பெருந்திரை எதிரே வந்தால், அமைதியான நாளில் யாரும் பொருட்படுத்தாத ஒரு முகத்துவாரம் சில மணிநேரத்துக்கு அலை உடையும் களமாகிவிடும்.

மேற்கிலிருந்து வருபவருக்கு முதலில் கிடைக்கும் முழுமையான துறை லாகுஷ். அதற்கு முன் சாக்ரெஷ் அருகே நங்கூரமிட இடமுண்டு என்றாலும், அது ஓர் இரவு இளைப்பாறுவதற்கே உரியது. லாகுஷ் மரினா 1994இல் திறக்கப்பட்டது. 462 படகுகளுக்கு இடமுண்டு. பென்சாஃப்ரிம் ஓடையின் முகத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களுக்கு இடையே நுழைந்து, பழைய நகரின் கடலோரச் சாலையை இடப்பக்கம் பார்த்தபடி கால்வாய் வழியே உள்ளே செல்ல வேண்டும். முடிவில் நடைபாலம் ஒன்று குறுக்கே நிற்கும். படகு வரும்போது அதைத் தூக்கித் திறப்பார்கள். பாலத்துக்கு முன்னால் வலப்பக்கம் வரவேற்பு மேடை இருக்கிறது. அங்கே கட்டி, ஆவணங்களைக் காட்டிப் பதிந்தபின், வானொலியின் 9ஆம் அலைவரிசையில் பாலத்தைத் திறக்கச் சொல்லி உள்ளே போகலாம். பாலம் இயங்கும் நேரம் குளிர்காலத்தில் சுருங்கிவிடும் என்பதால், இருட்டிய பின் வருபவர் காலைவரை அந்த மேடையிலேயே காத்திருக்க நேரும்.

அந்தச் சிறு தொல்லைக்கு ஈடாகக் கிடைப்பது பெரிது. பாலத்துக்கு உட்புறம் பெருந்திரை எட்டுவதே இல்லை. வெளியே கடல் கொந்தளிக்கும் இரவிலும் படகுக்குள் நிம்மதியாக உறங்கலாம். நகரின் தெற்கே நீளும் பொந்தா டா பியெதாதே என்னும் பாறைமுனை மேற்குக் காற்றையும் தென்மேற்கின் பெரும்பகுதியையும் தாங்கிக்கொள்வதால், வாயிலும் இந்தக் கரையின் பல துறைகளைவிட நன்கு மறைந்திருக்கிறது. தென்கிழக்குதான் அதன் பலவீனம். லெவாந்தே கடுமையாக வீசும் நாளிலும், தெற்கிலிருந்து பெருந்திரை வரும் நாளிலும் அந்தக் குறுகிய வாயிலை நாடக் கூடாது. முகத்தில் மணல் சேர்வதும், அதைத் தூர்வாருவதும், மீண்டும் மணல் சேர்வதும் அங்கே ஓயாத கதை. ஆகவே 1.9 மீட்டர் கீல் உள்ள படகு, அலை இருக்கும் நாட்களில் பாதி ஏற்றத்துக்குப் பிறகு நுழைவதே முறை.

இரண்டாவது கேள்விக்கு லாகுஷ் தரும் விடை அதைவிடத் தெளிவானது. ரயில் பாதையின் மேற்குக் கடைசி நிலையம் மரினாவிலிருந்து சில நிமிட நடை. பாலத்தைக் கடந்தால் மதில் சூழ்ந்த பழைய நகரமும், கடலோரச் சாலையில் மீன் அங்காடியும் வந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் போன பிறகும் பள்ளி, மருந்தகம், இரும்புக் கடை, காலையில் முதியோர் கூடும் காப்பிக் கடை என்று ஊர் தன்போக்கில் இயங்கும். படகுகளைத் தூக்கி நிலத்தில் நிறுத்திப் பழுதுபார்க்கும் சோப்ரோமார் பட்டறையும் அதே நீர்ப்பரப்பில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பல நாட்டவரும் ஆண்டுதோறும் இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பதால், ஒருவருக்கொருவர் கருவி கடன் கொடுக்கவும், எஞ்சின் முனகலைக் கேட்டு நோய் சொல்லவும், மொழி கற்றுக்கொள்ளவும் ஒரு சிறு சமூகமே அமைந்துவிடுகிறது. நீண்ட மழைக்காலத்தில் 11 மீட்டர் படகுக்குள் இருவர் மனம் வாடாமல் வாழ்வதற்கு, மின்சாரமும் நல்ல தண்ணீரும் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை இந்த அண்டை அயலும். இதை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். குறை என்றால், ஃபாரோ விமான நிலையம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதும், குளிர்கால ஒப்பந்தத்துக்கு முன்னதாகவே கேட்டு வைக்க வேண்டியிருப்பதும்தான்.

லாகுஷிலிருந்து கிழக்கே ஏழெட்டுக் கடல்மைலில், அராதே ஆற்றின் முகத்தில் போர்த்திமாவ் இருக்கிறது. வாயில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் இதற்கே முதலிடம். பயணக் கப்பல்கள் வந்து போகும் வணிகத் துறைமுகம் என்பதால் கால்வாய் ஆழமானது. இரு நீண்ட அலைத்தடுப்புச் சுவர்களுக்கு இடையே அகலமும் ஒளிக்குறிகளும் போதுமானவை. இருட்டில், களைத்துப்போன நிலையில், காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது அல்கார்வுக்கு வந்து சேர்பவர் வேறெங்கும் தேடாமல் இங்கேயே நுழைவது நல்லது. மரினாவில் 620 இடங்கள் உள்ளன. 50 மீட்டர் வரையிலான பெரும்படகுகளும் கட்டலாம். ஆனால் அது முகத்துக்கு மிக அருகில், பிராயா டா ரோஷா கடற்கரைக்குப் பின்புறம் அமைந்திருப்பதால், தெற்குக் காற்றில் பெருந்திரையின் எச்சமும், விடியற்காலையில் கடலுக்கு விரையும் மீன்பிடிப் படகுகளின் அலையும் வெளிப்புற மிதவை மேடைகளை அசைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு இரவுக்கு அது தாலாட்டு. ஆறு மாதத்துக்கு அது அறுந்த கயிறு. சுற்றிலும் எழுந்துள்ள அடுக்குமாடிக் கட்டடங்கள் கோடை விருந்தினருக்கானவை. ஜனவரியில் அவற்றின் சாளரங்கள் இருண்டு கிடக்கும். உண்மையான நகரம் ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது. மத்தி மீனை டப்பாவில் அடைத்த தொழிற்சாலை ஒன்று 2008இல் அருங்காட்சியகமாக மாறி அங்கே நிற்கிறது. அந்த ஊரின் கடல்சார்ந்த வாழ்வை அறிய விரும்புபவர் ஒரு மழைநாளை அதற்கு ஒதுக்கலாம். ஆற்றின் எதிர்க்கரையில் ஃபெராகுடோ கிராமத்துக்குக் கீழே, அலைத்தடுப்புச் சுவருக்கு உட்புறமாகவே மணற்பாங்கான நங்கூர இடம் உண்டு என்பது இந்தத் துறையின் கூடுதல் பயன்.

அல்புஃபெய்ராவை நெடிது ஆராய வேண்டியதில்லை. 475 இடங்கள் கொண்ட அந்த மரினா கரையைக் குடைந்து அமைக்கப்பட்டது, உட்பகுதி அமைதியானது, சுற்றியுள்ள வீடுகளின் வண்ணங்கள் தொலைவிலிருந்தே கண்ணைக் கவரும். ஆனால் வாயில் குறுகியது. ஊர் சற்றுத் தள்ளி மேட்டில் இருக்கிறது. ரயில் நிலையமோ ஃபெரெய்ராஷ் என்னும் இடத்தில், நடந்து போக முடியாத தொலைவில். கோடை விருந்தாளிகளையே நம்பி வாழும் இடம் என்பதால் நம் இருவருக்கு அது ஏற்றதல்ல.

விலமோராவுக்கு அப்படி அவசரமாகத் தீர்ப்பளிக்க முடியாது. 1974இல் திறக்கப்பட்ட அது போர்ச்சுகலின் முதல் மரினா. 825 இடங்களோடு இன்றும் நாட்டின் பெருந்துறைகளில் முன்னிற்பது. 1960களில் வெறும் பண்ணை நிலமாக இருந்த இடத்தில் திட்டமிட்டு எழுப்பிய விடுதி நகரத்தின் நடுவே குளம்போல அது அமைந்திருக்கிறது. அதன் அருகிலேயே ரோமானியர் காலத்துக் குடியிருப்பின் இடிபாடுகள் செர்ரோ டா விலா என்ற பெயரில் காக்கப்படுகின்றன. மீனை உப்பிலிட்ட தொட்டிகளும் அங்கே உண்டு. உள்துறை நன்கு மறைவானது; காவல் கடுமையானது; படகைத் தூக்கும் வசதியும் அருகிலேயே உள்ளது. விமான நிலையத்துக்குச் சாலைவழி அரைமணி நேரப் பயணம்தான். ஆகவே படகை விட்டுவிட்டு டிசம்பரிலும் பிப்ரவரியிலும் வீட்டுக்குப் பறந்து வருபவருக்கு, இந்தக் கரையில் இதைவிடக் கவலையற்ற இடம் இல்லை. குளிர்காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஒலிம்பிக் வகைப் படகோட்டிகள் பயிற்சிக்கு இங்கே வருவதால், நீரில் ஆளரவமும் இருக்கும். ஆயினும் வாயில் நேரே தெற்கு நோக்கியது; கடும் தெற்குக் காற்றில் அங்கே அலை உடைவதைக் கடல்வழிக் கையேடுகள் எச்சரிக்கின்றன. கட்டணமும் உயர்வு. ஊர் விருந்தினருக்கென்றே கட்டப்பட்டது என்பதால், படகில் தங்கி வாழ்பவர் அங்கே விருந்தினராகவே நீடிக்க நேரும்.

விலமோராவுக்குக் கிழக்கே நிலத்தின் இயல்பே மாறிவிடுகிறது. செம்பாறைகள் மறைந்து, மணல் தீவுகள் தொடங்குகின்றன. ஆன்காவ் முதல் மான்டா ரோட்டா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்கும் நிலத்துக்கும் இடையே விரிந்திருக்கும் ரியா ஃபொர்மோசா என்னும் காயல், 1987 முதல் இயற்கைப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. மாலுமிகளுக்குப் பயன்படும் முதன்மையான வழி, சாந்தா மரியா முனையருகே இருபுறமும் கற்சுவர் கட்டி நிலைப்படுத்தப்பட்ட ஃபாரோ-ஒல்யாவ் முகத்துவாரம். காயல் முழுவதற்கும் அது பெரும்வாய் என்பதால் நீரோட்டத்தின் வேகம் அச்சமூட்டும். நடு வற்றத்தில் சிறிய எஞ்சின் உள்ள படகு எதிர்த்து ஏறவே முடியாது. ஏற்றம் முடியும் தறுவாயில், காற்று எதிர்க்காத நாளில் நுழைபவருக்கு அதில் சிரமமில்லை. கணக்குத் தவறி வற்றத்தின் நடுவே, தெற்குக் காற்றின்போது அங்கே போய்ச் சேர்பவர், மீண்டும் நீர் ஏறும்வரை வெளியே கடலில் காத்திருப்பது ஒன்றே பாதுகாப்பு.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் குலாத்ரா தீவு. அதன் உட்புறத்தில் நங்கூரமிட்டுக் கிடக்கும் பாய்மரப் படகுகளைக் கோடையில் எண்ணி முடிக்க முடியாது. மீனவர் வாழும் ஊர், மணல் தெருக்கள், ஒல்யாவுக்குப் படகுப் போக்குவரத்து, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டணமில்லாத நீர்ப்பரப்பு ஆகியவை பலரை மாதக்கணக்கில் அங்கே இருத்திவிடுகின்றன. அக்கறையோடு சொல்ல வேண்டிய ஒன்று இங்கே உண்டு. போர்ச்சுகலின் மட்டி அறுவடையில் பெரும்பங்கு இந்தக் காயலின் வண்டல் திட்டுகளில்தான் கிடைக்கிறது. கழிவுநீரை நேரே காயலில் விடும் ஒவ்வொரு படகும் அந்த மட்டி பொறுக்கும் குடும்பங்களின் உணவில் கைவைக்கிறது. 2000களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இங்கே கண்ட கடற்குதிரைக் கூட்டம் உலகிலேயே மிக அடர்த்தியானவற்றுள் ஒன்று; அதன் பின்னர் அது பெருமளவில் குறைந்துபோனது. கடற்புல் படுகைகளைச் சங்கிலிகள் உழுவதும் அதற்கான காரணங்களில் ஒன்றாகக் கருதப்பட்டதால், 2020இல் நங்கூரமிடத் தடைசெய்யப்பட்ட காப்பிடங்கள் காயலுக்குள் வரையறுக்கப்பட்டன. கழிவுத் தொட்டி இல்லாத படகில் ஆறு மாதம் குலாத்ராவில் கிடப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தென்மேற்குப் புயலின்போது நங்கூரம் நழுவும் இரவுகளைப் பற்றிய கவலை அதற்கு அடுத்தது.

கரையில் ஒல்யாவ். 1916இல் கட்டிய இரட்டை அங்காடிக் கட்டடங்கள் நீர்முகத்தில் நிற்க, மீனும் காய்கறியும் நடை தூரத்தில் கிடைக்கும் அசலான மீனவர் நகரம் இது. 1808இல் பிரெஞ்சுப் படைகளை விரட்டிய செய்தியை, அப்போது பிரேசிலில் இருந்த ஆட்சிப் பொறுப்பு இளவரசரிடம் சேர்க்க, இவ்வூர் மீனவர் 17 பேர் ஒரு சிறிய காயிக் படகில் அட்லாண்டிக்கைக் கடந்து பிரேசிலுக்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படகின் மாதிரி ஒன்று இன்றும் நீர்முகத்தில் கட்டப்பட்டிருக்கிறது. ஊரைப் பொறுத்தவரை லாகுஷுக்கு இணையாக நான் வைக்கும் ஒரே இடம் இதுதான். ரயிலும் உண்டு, விமான நிலையமும் அருகில். ஆனால் இங்குள்ள மிதவை மேடைகளில் உள்ளூர்ப் படகுகளே நிறைந்திருப்பதால் வெளியூர்ப் படகுக்கு நீண்டகால இடம் கிடைப்பது அரிது. மாவட்டத் தலைநகரான ஃபாரோவிலோ பாய்மரப் படகுக்கு வழியே இல்லை. பழைய உள்துறையின் வாயில்மீது ரயில் பாதை தாழ்வாகச் செல்வதால், பாய்மரம் உயர்ந்த எந்தப் படகும் உள்ளே போக முடியாது.

கரையின் கிழக்குக் கோடியில் குவாதியானா. 1774இல் அன்றைய போர்ச்சுகலின் முதன்மை அமைச்சர் மார்க்கேஷ் டி பொம்பால் கட்டளையில் சதுரங்கக் கட்டம்போலத் திட்டமிட்டு எழுப்பிய விலா ரெயால் டி சாண்டோ அந்தோனியோ நகரின் முன்னே, ஆற்றோரமாக 360 இடங்கள் கொண்ட துறை இருக்கிறது. கழிமுகத்தின் மணற்திட்டு ஆழமற்றது. நம் படகு அதை ஏற்றத்தின் பின்பாதியிலேயே கடக்க வேண்டும். மேடைகளுக்கு ஊடாகவே ஆற்றோட்டம் பாய்வதால், நீர் நிற்கும் வேளை பார்த்துத்தான் படகைச் சேர்க்க வேண்டும். பயில்வதற்கு நேரம் பிடிக்கும் துறை இது. ஆனால் 1991இல் திறந்த பெரிய பாலத்தின் அடியில் நழுவி, ஆற்றில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மேலே போனால், போர்ச்சுகலின் அல்கோட்டிமும் ஸ்பெயினின் சான்லூகாரும் எதிரெதிரே நிற்கும் இடம் வரும். இரு கரைக்கும் கடிகாரத்தில் ஒரு மணிநேர வேறுபாடு. அங்கே பெருந்திரையும் இல்லை, உப்புக் காற்றும் இல்லை. சில படகுகள் ஆண்டுக்கணக்கில் நங்கூரம் தூக்காமல் கிடப்பதில் வியப்பில்லை. 2002இல் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள அல்கேவா அணையில் நீர் தேக்கத் தொடங்கிய பிறகு வெள்ள அபாயம் குறைந்திருந்தாலும், கனமழைக்குப் பின் மரத்துண்டுகளும் நாணல் குவியலும் மிதந்து வந்து நங்கூரச் சங்கிலியில் சிக்கும். கடலை மறந்து எழுதவோ, படிக்கவோ, மரவேலை செய்யவோ விரும்பும் இருவருக்கு இது பொருந்தும்; வாரம் ஒருமுறையாவது பாய் விரிக்க விரும்புபவருக்குப் பொருந்தாது.

புதிய துறைகள் வரும், இடநெருக்கடி தீரும் என்று காத்திருப்பவர்களுக்கு நான் நம்பிக்கை தர இயலாது. அண்மைக்கால முதலீடு எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு விலமோராவே சான்று. அங்கே வெளித்துறையில் சேர்த்த புதிய இடங்கள் 20 மீட்டருக்கு மேற்பட்ட பெரும்படகுகளை நோக்கியவை. போர்த்திமாவில் பல ஆண்டுகளாகப் பேசப்படுவது, பெரிய பயணக் கப்பல்கள் நுழையும்படி அராதே கால்வாயை ஆழமாக்கும் திட்டம். 1970இல் அதே ஆற்றில் தூர்வாரியபோது பழங்காலக் கப்பல்களின் சிதைவுகள் வெளிப்பட்டன. இப்போது மீண்டும் தோண்டினால் எஞ்சியவை அழியும் என்று தொல்லியலாளர்களும், தங்கள் கடற்கரை கெடும் என்று ஃபெராகுடோ பக்கத்தவரும் எதிர்க்கிறார்கள். என் மனம் எதிர்ப்பவர் பக்கமே சாய்கிறது. அந்தத் துறையின் இப்போதைய ஆழமே நம் போன்றோருக்குத் தேவைக்கு மேல் போதுமானது.

காயலுக்குள் பெரிதாக எதுவும் எழாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கே மணல் தீவுகளே ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆன்காவ் முகத்துவாரத்தை 1997இல் பொறியாளர்கள் வேறிடத்தில் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. இயற்கைப் பூங்கா நிர்வாகம், 2014 முதல் சிறுதுறைகளைக் கவனித்துவரும் டோகாபெஸ்கா, கடற்படையின் கீழுள்ள துறைமுகத் தலைமையகம், நகராட்சி என்று பல கதவுகளைத் தட்டாமல் ஒரு மிதவை மேடையைக்கூட நீட்ட முடியாது. மீன்பிடிப்பையும் மட்டி வளர்ப்பையும் நம்பியிருப்பவர்களின் கண்ணோட்டத்தில் அந்தத் தாமதம் நியாயமானதே. ஆனால் 11 மீட்டர் படகின் உரிமையாளருக்கு அதன் பொருள் ஒன்றுதான்: இன்றுள்ள இடங்களுக்குள்தான் தேர்வு.

விலையை ஒப்பிடும்போது மாதக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும். குளிர்காலக் கட்டணம் கோடையைவிட வெகுவாகக் குறைவு. ஆறு மாத ஒப்பந்தத்தில் இன்னும் குறையும். ஆனால் பட்டியலில் உள்ள தொகையில் 23 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி சேர்ந்திருக்கிறதா, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத்தையும் பின்னால் உள்ள மேடையையும் சேர்த்து நீளம் அளப்பார்களா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகைப் படகுக்குக் கணிசமான மிகைக் கட்டணம் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குப் பணத்தைவிடக் காகிதம் பெரிய தடை. அவர்களுடைய படகு வரி கட்டாமல் 18 மாதம் ஒன்றிய நீரில் இருக்கலாம். ஆனால் ஆட்களுக்கு 180 நாட்களில் 90 நாட்கள் மட்டுமே. 2025 அக்டோபரில் தொடங்கிய மின்னணு நுழைவுப் பதிவு முறையில் அந்த நாட்கணக்கைக் கணினியே வைத்திருக்கும். ஆகவே பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஓர் இணை, போர்ச்சுகலின் நீண்டகால விசா பெறாமல் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை படகில் வாழ முடியாது. அந்த விசா இல்லையென்றால் நம் கேள்வியே மாறிவிடுகிறது: வாழ்வதற்கான துறையைத் தேடுவதை விட்டு, பூட்டிவிட்டுப் போவதற்கான துறையைத் தேட வேண்டும். அப்போது விலமோரா முன்னே வரும்.

வந்து சேரும் பாதையைப் பற்றியும் ஒரு சொல். 2020 முதல் ஐபீரியக் கரையோரத்துக் கொலைத்திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைப்பதும், சில படகுகள் மூழ்கியதும் இக்கரையில் எல்லோரும் அறிந்ததே. கரையை ஒட்டி, ஆழம் குறைந்த நீரில் செல்லுமாறு ஸ்பானிய அதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். அல்கார்வில் அந்த அறிவுரையை இரவில் பின்பற்றுவது எளிதல்ல. மீன்பொறிகளின் மிதவைகள் எங்கும் சிதறிக்கிடக்கும், ஒல்யாவுக்குக் கிழக்கே மட்டி வளர்ப்புக் கயிறுகளும் சூரை வலைக்கூடங்களும் கடலில் நிற்கின்றன. லாகுஷும் போர்த்திமாவும் மேற்கே இருப்பதால், வடக்கிலிருந்து வருபவர் ஒல்யாவுக்குக் கிழக்கே உள்ள அந்தத் தடைகளைத் தாண்டாமலேயே கயிறு கட்டிவிடலாம்.

நான் நினைத்துக்கொண்ட அந்த இருவருக்கு, தங்கும் உரிமைக்கான காகிதம் கையில் இருக்குமானால், நான் சொல்வது லாகுஷ். அதன் வாயில் குறையற்றதல்ல. ஆனால் குளிர்காலத்தின் முதன்மையான காற்றான தென்மேற்கை அது தாங்குகிறது, உள்ளே நீர் அசைவதில்லை, ஊர் ஜனவரியிலும் விழித்திருக்கிறது. தென்கிழக்கு வாயிலை அடைக்கும் நாளில் ஏழெட்டுக் கடல்மைல் தள்ளிப் போர்த்திமாவின் அகன்ற வாய் இருப்பதால், லாகுஷைத் தேர்பவர் உண்மையில் இரண்டு துறைகளையும் சேர்த்தே தேர்கிறார். ஒல்யாவில் ஓர் இடம் எப்படியாவது வாய்த்தால் மட்டும் இந்த முடிவை மறுபரிசீலனை செய்வேன்.

முன்பணம் கட்டும் முன், முடிந்தால் முந்தைய பிப்ரவரியில் ஒரு வாரம் ஒதுக்கி, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் படகில்லாமல் வாருங்கள். லாகுஷிலிருந்து விலா ரெயால் வரை ஓடும் ரயில், போர்த்திமாவையும் ஒல்யாவையும் தொட்டுச் செல்கிறது. ஒவ்வோர் ஊரிலும் நீர் முற்றிலும் வற்றும் நேரத்தில் அலைத்தடுப்புச் சுவரின் நுனிவரை நடந்து, வாயிலில் அலை எங்கே உடைகிறது என்று அரைமணி நேரம் பாருங்கள். பிறகு மிதவை மேடைப் பக்கம் திரும்பி, அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் படகுகளின் கயிறுகள் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.